லென்ஸில் உள்ள ஃபோகஸ் வரம்பு சுவிட்ச் உண்மையில் எதை வெட்டுகிறது?

தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ்களிலும், சிறு பொருள்களை மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ்களிலும் பக்கவாட்டில் வரிசையாகச் சில சுவிட்சுகள் இருக்கும். ஆட்டோஃபோகஸா, கையால் ஃபோகஸ் செய்வதா என்று தேர்ந்தெடுப்பது ஒன்று. கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதிக்கு இன்னொன்று. இவற்றோடு ‘ஃபுல்’, ‘∞–10 மீ’, ‘10 மீ–2.4 மீ’ என்பதுபோல் தொலைவுகளைக் குறித்த சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அதற்கு ஃபோகஸ் லிமிட்டர் என்று பெயர். ஆட்டோஃபோகஸ் எந்தத் தொலைவு முதல் எந்தத் தொலைவு வரை தேடலாம் என்று எல்லை கட்டுவதுதான் அதன் வேலை.

வரையறை இவ்வளவு எளிது. இருந்தும் பலர் இதை ‘ஃபுல்’ நிலையிலேயே வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். முடிவிலி வரை நீளும் தொலைவில் வெறும் அரை மீட்டரை விலக்கிவைத்தால் என்ன மிச்சமாகிவிடும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த அரை மீட்டரில்தான் விஷயமே இருக்கிறது. சுவிட்சில் எழுதியிருப்பது வெளியுலகத் தொலைவு. அது வெட்டுவதோ லென்ஸுக்குள் கண்ணாடி ஓடும் தொலைவை. இந்த இரண்டும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை.

பொருளின் தொலைவும் கண்ணாடியின் நகர்வும்

ஒரு பொருளில் இருந்து வரும் ஒளிக்கதிர்கள் லென்ஸைக் கடந்து சென்சாரின் மேல் புள்ளிக்குப் புள்ளி சரியாகக் கூடினால் அந்தப் பொருள் கூர்மையாகத் தெரியும். பொருள் மிகத் தொலைவில் இருக்கும்போது, லென்ஸுக்குப் பின்னால் அதன் குவியத் தூரத்திலேயே கதிர்கள் கூடிவிடும். பொருள் நெருங்க நெருங்க, கதிர்கள் கூடும் இடம் பின்னுக்குத் தள்ளிப்போகும். சென்சார் இடம் மாறாது. ஆகவே லென்ஸ்தான் முன்னோக்கி நகர வேண்டும்.

எவ்வளவு நகர வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பள்ளி இயற்பியலில் வரும் லென்ஸ் சமன்பாடே போதும். பொருளின் தொலைவில் இருந்து குவியத் தூரத்தைக் கழியுங்கள். வந்த எண்ணால் குவியத் தூரத்தின் வர்க்கத்தை வகுத்தால் நகர்வு கிடைத்துவிடும். 100 மி.மீ. குவியத் தூரமுள்ள எளிய லென்ஸ் ஒன்று முடிவிலியில் நிற்கும் நிலையைப் பூஜ்யம் என்று கொள்வோம். தொலைவை லென்ஸில் இருந்தே அளப்போம். அப்போது தேவைப்படும் நகர்வு:

1. பொருள் 100 மீட்டரில் இருந்தால் 0.1 மி.மீ.
2. 10 மீட்டரில் 1 மி.மீ.
3. 3 மீட்டரில் சுமார் 3.4 மி.மீ.
4. 1 மீட்டரில் சுமார் 11 மி.மீ.
5. 50 செ.மீ.யில் 25 மி.மீ.
6. 30 செ.மீ.யில் 50 மி.மீ.
7. 20 செ.மீ.யில் 100 மி.மீ. (இந்த நிலையில் பொருள் தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் பதியும்.)

இந்தப் பட்டியலை நிதானமாகப் பார்க்க வேண்டும். அடிவானத்தில் உள்ள மலை முதல் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மனிதர் வரை எல்லாமே 11 மி.மீ.க்குள் அடங்கிவிடுகின்றன. 50 செ.மீ.யில் இருந்து 20 செ.மீ.க்கு வருவதற்கு மட்டும் 75 மி.மீ. தேவைப்படுகிறது. அதாவது, ‘50 செ.மீ.க்கு இப்பால் தேடாதே’ என்று சொன்னால் வெளியுலகில் நாம் இழப்பது ஒரு சாண் இடம். லென்ஸுக்குள் விலகுவதோ மொத்த ஓட்டத்தில் முக்கால் பங்கு.

இன்றைய லென்ஸ்கள் இவ்வளவு எளிமையானவை அல்ல. பலவற்றில் முழு லென்ஸும் முன்னே வருவதில்லை. உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதி மட்டும் நகர்கிறது. சில மேக்ரோ லென்ஸ்களில் இரண்டு தொகுதிகள் தனித்தனியாக நகர்கின்றன. கிட்டே ஃபோகஸ் செய்யும்போது குவியத் தூரமே சற்றுக் குறைவதும் உண்டு. ஆகவே மேலே உள்ள மில்லிமீட்டர்களை எந்தக் குறிப்பிட்ட லென்ஸுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் தொலைவில் நகர்வு குறைவு, கிட்டே நகர்வு மிக அதிகம் என்ற போக்கு எல்லா லென்ஸ்களுக்கும் பொருந்தும்.

எந்த லென்ஸில் இந்தச் சுவிட்ச் இருக்கும், எதில் இருக்காது என்பதற்கும் இதே கணக்குதான் விடை. 45 செ.மீ. வரை நெருங்கும் 50 மி.மீ. லென்ஸுக்கு மொத்த நகர்வே 6 மி.மீ.தான். அதில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. குவியத் தூரத்தை 600 மி.மீ. ஆக்கிப் பாருங்கள்: முடிவிலியில் இருந்து 10 மீட்டர் வரை 38 மி.மீ., 2.4 மீட்டர் வரை 200 மி.மீ. அங்கே 10 மீட்டரில் எல்லை கட்டினால் ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு விலகிவிடுகிறது. நீண்ட டெலி, மேக்ரோ என இந்த இரண்டு இனங்களில் லிமிட்டர் பெரும்பாலும் இடம்பெறுவதற்குக் காரணம் இதுதான்.

சுவிட்சில் உள்ள எண்களைப் படிப்பது

சில லென்ஸ்களில் இரண்டு நிலைகள், சிலவற்றில் மூன்று. நிக்கானின் 200–500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸில் ‘ஃபுல்’, ‘∞–6 மீ’ என்று இரண்டு மட்டுமே உண்டு. சோனியின் 200–600 மி.மீ. லென்ஸில் முழு வரம்பு, முடிவிலி முதல் 10 மீட்டர், 10 மீட்டர் முதல் 2.4 மீட்டர் என மூன்று. கேனனின் இஎஃப் 100 மி.மீ. எல் மேக்ரோ லென்ஸிலும் மூன்று நிலைகள்: முழு வரம்பு, 0.5 மீட்டர் முதல் முடிவிலி, 0.3 மீட்டர் முதல் 0.5 மீட்டர். கடைசியாகச் சொன்ன வரம்பு வெறும் 20 செ.மீ.தான். இவ்வளவு குறுகிய துண்டுக்கு ஏன் தனி நிலை ஒதுக்கினார்கள் என்பது மேலே உள்ள பட்டியலைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

இந்த எண்கள் எங்கிருந்து அளக்கப்படுகின்றன என்பதில்தான் அடுத்த குழப்பம். லென்ஸின் முன்முனையில் இருந்து அல்ல. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரின் தளத்தில் இருந்து. கேமராவின் மேல்பகுதியில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் கோடுதான் சென்சார் இருக்கும் இடம். ஆகவே மேக்ரோ லென்ஸில் 0.3 மீட்டர் என்று எழுதியிருந்தால், லென்ஸின் முன்முனைக்கும் பூச்சிக்கும் இடையே 30 செ.மீ. கிடைக்காது. கேமராவின் தடிமனும் லென்ஸின் நீளமும் போக, அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் மிஞ்சும்.

ஆட்டோஃபோகஸ் ஏன் அலைகிறது?

லிமிட்டர் எப்போது உதவும் என்று தெரிய, ஆட்டோஃபோகஸ் எப்படித் தோற்கிறது என்று தெரிய வேண்டும்.

இப்போதைய கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது கட்ட ஒப்பீட்டு (ஃபேஸ் டிடெக்ஷன்) முறை. லென்ஸின் ஒரு பாதி வழியாக வரும் காட்சியையும் மறுபாதி வழியாக வரும் காட்சியையும் கேமரா தனித்தனியாகப் படித்து, இரண்டும் எவ்வளவு விலகி விழுகின்றன என்று பார்க்கிறது. விலகல் இல்லையென்றால் ஃபோகஸ் சரி. இருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது அந்த விலகலிலேயே தெரிந்துவிடும். லென்ஸுக்கு ஒரே கட்டளை. அது நேராகப் போய் நிற்கும்.

மாறுபாட்டு முறை வேறு விதம். லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தி, படத்தின் கூர்மை கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து, உச்சம் எட்டும்வரை முன்னும் பின்னும் போய்வரும். இதில் திசை முன்கூட்டியே தெரியாது. பல கேமராக்கள் இரண்டையும் கலந்து பயன்படுத்துகின்றன.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு: ஒப்பிட்டுப் பார்க்கக் காட்சியில் விளிம்புகளோ வேறுபாடுகளோ இருக்க வேண்டும். அவை கிடைக்காத சூழல்கள் இவை:

1. வெளிச்சம் போதவில்லை. சிக்னலைவிட இரைச்சல் மேலோங்கிவிடுகிறது.
2. ஃபோகஸ் புள்ளியின் கீழே வெறுமையான பரப்பு இருக்கிறது: தெளிவான வானம், வெள்ளைச் சுவர், மூடுபனி.
3. பொருளுக்கு முன்னால் கம்பி வலையோ புல்லோ கிளையோ குறுக்கிடுகிறது. கேமரா எதைப் பிடிப்பது என்று தடுமாறுகிறது.
4. லென்ஸ் இப்போது நிற்கும் இடம் பொருளின் தொலைவில் இருந்து வெகுதூரம் விலகியிருக்கிறது. பொருள் முழுவதும் கரைந்து கறையாகிவிட்டதால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சவில்லை.

நான்காவதுதான் மிகக் கொடியது. மற்ற மூன்றும் கடைசியில் இதில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

600 மி.மீ. லென்ஸில் பறக்கும் பருந்து ஒன்றைப் பின்தொடர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பருந்து 60 மீட்டரில் இருக்கிறது. ஃபோகஸும் அதன் மேல் சரியாக இருக்கிறது. பறவை திடீரென்று திரும்ப, ஃபோகஸ் புள்ளி ஒரு கணம் அதைவிட்டு வானத்தில் விழுகிறது. வானத்தில் விளிம்பு எதுவும் இல்லை. கேமரா தேடத் தொடங்குகிறது. கண்ணாடித் தொகுதி அருகாமைப் பக்கம் ஓடுகிறது. அது 2.4 மீட்டர் முனைக்குப் போய்விட்டால், 60 மீட்டரில் உள்ள பருந்து மங்கலாகக்கூடத் தெரியாது. வானத்தின் நிறத்தோடு கலந்து வியூஃபைண்டரில் இருந்தே மறைந்துவிடும். இப்போது புள்ளியைச் சரியாகப் பறவையின் மேல் கொண்டுபோய் வைத்தாலும் பயனில்லை. கேமராவுக்கு அங்கே எதுவும் தெரியாது. எடுப்பவருக்கும் தெரியாது. லென்ஸ் முழு ஓட்டமும் ஓடித் திரும்பி வருவதற்குள் பருந்து எங்கோ போயிருக்கும்.

சுவிட்ச் ‘∞–10 மீ’ நிலையில் இருந்திருந்தால் அதே தேடல் 10 மீட்டருக்கான இடத்திலேயே நின்று திரும்பியிருக்கும். அங்கிருந்து பார்த்தாலும் பருந்து மங்கல்தான். ஆனால் விலகல் ஆறில் ஒரு பங்கு மட்டுமே என்பதால், ஒரு கருநிழலாகவாவது கண்ணில் படும். கண்ணில் பட்டால் புள்ளியை அதன் மேல் வைக்கலாம். கேமராவும் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஓட்டம் குறைவதால் நேரம் மிச்சமாகிறது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் கணிப்பில், தோற்ற பிறகும் பறவை கண்ணுக்குத் தெரிகிறது என்பதே பெரிய ஆதாயம்.

லிமிட்டர் செய்யாதவை

இந்தச் சுவிட்சைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணங்களில் நான்கைத் தெளிவுபடுத்த வேண்டும்.

1. இது மோட்டாரின் வேகத்தைக் கூட்டாது. கட்ட ஒப்பீடு சரியாக வேலை செய்து, லென்ஸ் நேராக இலக்குக்குப் போகும்போது, ‘ஃபுல்’ நிலைக்கும் வரம்பு கட்டிய நிலைக்கும் வேறுபாடே இருக்காது. தேடல் தோற்கும்போது ஏற்படும் இழப்பைத்தான் இது குறைக்கிறது.

2. இது கூர்மையைக் கூட்டாது. ஃபோகஸ் முன்னோ பின்னோ தள்ளி விழுகிறது என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

3. பெரும்பாலான லென்ஸ்களில் இது ஆட்டோஃபோகஸை மட்டுமே கட்டுப்படுத்தும். கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் முழு வரம்பும் கிடைக்கும். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் மட்டும் இயந்திரத் தடையே உள்ளே விழும். அவற்றில் வளையமும் எல்லைக்கு மேல் திரும்பாது. அப்படிப்பட்ட லென்ஸில் வலுக்கட்டாயமாகத் திருப்பவே கூடாது.

4. சுவிட்சில் உள்ள எண் கறாரான கோடு அல்ல. 10 மீட்டர் என்று எழுதியிருந்தால் அதற்குச் சற்று இப்பாலோ அப்பாலோ நிற்கலாம். எல்லையை ஒட்டிய தொலைவில் படமெடுக்க வேண்டியிருந்தால் ‘ஃபுல்’ நிலையே பாதுகாப்பு.

எல்லைக்கு வெளியே உள்ள பொருளை ஃபோகஸ் செய்யப் பார்த்தால் என்ன ஆகும்? லென்ஸ் எல்லைவரை வந்து நிற்கும், அல்லது முன்னும் பின்னும் அலையும். ஃபோகஸ் கிடைத்ததற்கான அடையாளம் மட்டும் வராது. பிழைச் செய்தி எதுவும் திரையில் தோன்றுவதில்லை என்பதால், பார்ப்பவருக்கு லென்ஸ் பழுதானதுபோலவே தோன்றும். கிட்டே ஃபோகஸ் ஆகவில்லை, தூரத்தில் நன்றாக ஆகிறது என்றாலோ, அதற்கு நேர்மாறாக நடந்தாலோ, வேறு எதையும் சந்தேகிப்பதற்கு முன் இந்தச் சுவிட்சைப் பாருங்கள். லென்ஸைப் பையில் வைத்து எடுக்கும்போது அது தானாகவே நகர்ந்திருக்கக்கூடும்.

எந்தச் சூழலுக்கு எந்த நிலை

பறக்கும் பறவைகள், பெரிய மைதான விளையாட்டுகள், விமானங்கள்: தூர வரம்பு. இதில் தயங்க வேண்டியதில்லை.

கம்பி வலைக்குப் பின்னால் உள்ள விலங்குகளுக்கும் தூர வரம்பு உதவும். ஆனால் வலை எல்லைக்கு இப்பாலும் விலங்கு எல்லைக்கு அப்பாலும் இருந்தால் மட்டுமே. 3 மீட்டரில் எல்லை உள்ள லென்ஸோடு வலைக்கு ஒன்றரை மீட்டர் அருகில் நின்றால், கேமரா வலையைப் பிடிக்க முடியாது. ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் லிமிட்டரால் பயனில்லை.

காட்டுப் பாதையில் நடந்துகொண்டே எடுப்பவருக்கு நிலைமை மாறும். உச்சிக் கிளையில் இருக்கும் பறவைக்கு அடுத்த நிமிடமே காலடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்காரலாம். இவர்கள் ‘ஃபுல்’ நிலையில் வைத்துக்கொண்டு, பறவையைத் தொடரும்போது மட்டும் விரலால் சுவிட்சைத் தள்ளிக்கொள்வது நல்லது. கண்ணை வியூஃபைண்டரில் இருந்து எடுக்காமல், தடவியே சுவிட்சைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும்.

மேக்ரோவுக்கு வருவோம். அருகாமை வரம்பு என்ற நிலையை மிகக் குறைவானவர்களே பயன்படுத்துகிறார்கள். உண்மையில் லிமிட்டரின் முழுப் பயன் இங்கேதான் தெரியும். இலையில் அமர்ந்த பூச்சியின் கண்ணைக் குறிவைக்கும்போது லென்ஸ் ஒருமுறை தவறினால் முடிவிலிவரை ஓடிவிட்டுத் திரும்பும். அருகாமை வரம்பில் வைத்தால் பின்புலத்துக்குத் தாவ வழியே இருக்காது. ஆயினும் உண்மையான அளவை எட்டும் நெருக்கத்தில் எந்த வரம்பும் ஆட்டோஃபோகஸை முழுமையாகக் காப்பாற்றாது. அங்கே கூர்மை விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. மூச்சு விடும் அசைவிலேயே அது கைநழுவிப் போகும். கையால் ஃபோகஸை ஓரிடத்தில் நிலைநிறுத்திவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக் கூர்மை விழும் கணத்தில் எடுப்பதே அங்கே சரியான வழி. அதே மேக்ரோ லென்ஸில் மனித முகங்களை எடுக்கும்போது மறக்காமல் தூர வரம்புக்கு மாற்றிவிட வேண்டும். மேக்ரோ லென்ஸ் மந்தம் என்று சொல்பவர்கள் பலரும் இந்த மாற்றத்தைச் செய்திருக்கமாட்டார்கள்.

மிரர்லெஸ் கேமராவில் இது இன்னும் தேவையா?

பறவையின் கண்ணைத் தானாக அடையாளம் காணும் மிரர்லெஸ் கேமராக்கள் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதவை) வந்த பிறகு இந்தக் கேள்வி எழுகிறது. அடையாளம் காணும் மென்பொருள் சொல்வது, பொருள் சட்டகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கட்ட ஒப்பீடுதான் சொல்ல வேண்டும். அதோடு, பறவை என்று அடையாளம் காண அது பறவைபோல் தெரிய வேண்டும். முழுவதும் கரைந்துபோன கறையில் கண்ணும் அலகும் இருப்பதில்லை. ஆகவே லென்ஸ் தவறான முனைக்குப் போய்விட்ட நிலையில் புதிய கேமராவும் பழைய கேமராவைப் போலவே கையைப் பிசைந்து நிற்கும். தவறும் தருணங்கள் குறைந்திருக்கின்றன. தவறினால் ஏற்படும் இழப்பு குறையவில்லை.

லென்ஸில் சுவிட்ச் இல்லாதவர்களுக்குச் சில கேமராக்களின் மெனுவிலேயே வழி உண்டு. ஒலிம்பஸ் 2016-ல் அறிவித்த இ-எம்1 மார்க் 2-விலும், ஃபியூஜிஃபில்ம் 2019-ல் கொண்டுவந்த எக்ஸ்-புரோ3-யிலும் அருகாமை எல்லை, தூர எல்லை இரண்டையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளர் முடிவு செய்த 10 மீட்டருக்குப் பதில், நம் இலக்குக்கு ஏற்ற எண்ணை வைக்க முடிவதால் இது சுவிட்சைவிட நுட்பமான வசதி. மேடை, ஓடுதளம், பறவை வந்து அமரும் ஒரே கிளை என்று தொலைவு உறுதியாகத் தெரிந்த இடங்களில் இதற்கு இணையில்லை.

கேனன் கேமராக்களில் இன்னொரு வழி இருக்கிறது: ஃபோகஸ் கிடைக்காதபோது தொடர்ந்து தேடவா, நின்றுவிடவா என்று மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். தேடலை நிறுத்திவைத்தால் லென்ஸ் முனைவரை ஓடாது. கடைசியாக இருந்த இடத்தை ஒட்டியே நிற்கும். அங்கிருந்து வளையத்தைக் கையால் சற்றுத் திருப்பி உதவினால் போதும். நீண்ட டெலி லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதையும் லிமிட்டரையும் சேர்த்தே பயன்படுத்தலாம்.

டியூபும் டெலிகன்வெர்ட்டரும் சேர்ந்தால்

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் (உள்ளே கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய்) போட்டால் சுவிட்சில் உள்ள எண்கள் எல்லாமே பொருளிழந்துவிடும். முதலில் போட்ட கணக்கே இதையும் காட்டும். 100 மி.மீ. எளிய லென்ஸின் பின்னால் 25 மி.மீ. டியூப் சேர்ந்தால், முடிவிலி நிலையிலேயே லென்ஸ் 25 மி.மீ. முன்னே தள்ளி நிற்கிறது. அதற்குரிய தொலைவு 50 செ.மீ. அதற்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது. சுவிட்ச் ‘∞–0.5 மீ’ என்று காட்டும். உண்மையில் கிடைப்பது 50 செ.மீ.யில் இருந்து 30 செ.மீ. வரையிலான துண்டு மட்டும். லென்ஸின் முன்னால் திருகும் குளோஸ்-அப் கண்ணாடிகளுக்கும் இதே நிலைதான்.

லென்ஸின் குவியத் தூரத்தைப் பெருக்கும் துணை லென்ஸான டெலிகன்வெர்ட்டர் அப்படி அல்ல. அது லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தொலைவை மாற்றுவதில்லை. சுவிட்சில் உள்ள எண்களும் அப்படியே செல்லும். ஆனால் 1.4 மடங்குக் கன்வெர்ட்டர் ஒளியைப் பாதியாகக் குறைக்கிறது, 2 மடங்குக் கன்வெர்ட்டர் கால் பங்காகக் குறைக்கிறது. ஒப்பிடக் கிடைக்கும் வெளிச்சம் குறைவதால் ஃபோகஸ் தவறும் வாய்ப்பு கூடுகிறது. பல அமைப்புகளில் துல்லியத்துக்காக ஃபோகஸ் மோட்டாரின் வேகத்தையும் கேமராவே குறைத்துவிடுகிறது. முழு ஓட்டம் ஓடித் திரும்ப ஆகும் நேரம் அப்போது இன்னும் நீளும். கன்வெர்ட்டரை மாட்டிய கையோடு சுவிட்சையும் தூர வரம்புக்குத் தள்ளிவிடுங்கள்.